பதினோராவது வார்டு

எம்.எல்.ஏ. இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று நடுவப்பேரி நகராட்சித் தலைவி தங்கபுஷ்பம் வாழ்நாளில் முதன்முறையாக வேண்டிக்கொண்டாள். மற்ற நாளென்றால் அந்த மனிதர் மைக்கைப் பிடித்ததுமே வருகிற கொட்டாவியை முந்தானைக்குள் மென்று முழுங்குகிறவள் அவள். இன்றைக்கு அவர் சங்க காலத்திலிருந்து ஆரம்பித்தது ஆறுதலாக இருந்தது. அவர் சங்க காலத்திலிருந்து புறப்பட்டு இந்தப் புதுப் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர எப்படியும் நேரம் பிடிக்கும். வந்து சேர்ந்துவிட்டால் அடுத்தது அவள். எழுந்து போய், தொண்டையைச் செருமி, மேடையில் இருக்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, அவர்களே அவர்களே என்று கும்பிட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். இந்த ஊரில் பேருந்து நிலையம் கட்டாமல்கூடத் திறப்பு விழா நடத்திவிடலாம், ஒரு பேரை விட்டுவிட்டு நடத்த முடியாது. பேர் விட்டுப்போனதற்காகக் கட்சி மாறியவர்கள் உண்டு, நிச்சயம் பண்ணின சம்பந்தத்தை முறித்துக்கொண்டவர்களும் உண்டு. தங்கபுஷ்பத்துக்கு அந்தப் பயமே இருந்ததில்லை. பதவிக்கு வருமுன் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள், எந்த அளவு ஜாக்கெட் யாருடையது என்று தொட்டுப் பார்த்தே பேர் சொல்லக்கூடியவள், மேடைக்குத் துண்டுச்சீட்டு எடுத்துப்போனதே கிடையாது. ஒன்றாவது வார்டு இசக்கித்தாய் அவர்களே, இரண்டாவது வார்டு மைதீன் பிச்சை அவர்களே, மூன்றாவது வார்டு ஜெபமணி அவர்களே. உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். பத்தாவது வார்டு நல்லபெருமாள் வரைக்கும் தண்ணீர் பட்ட பாடு. அதற்கடுத்தது பதினொன்று. அங்கே வந்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறதி ஒன்றும் இல்லை. பதினோராவது வார்டு உறுப்பினர் அவள் புருஷன்.

அவர் உறுப்பினரானபின் வந்த முதல் விழா, போன மாதம் நடந்த பூங்கா திறப்பு. அங்கேயும் இதே வரிசைதான், இதே மாதிரி மேடைதான். பத்து வரைக்கும் மடமடவென்று வந்தவள், பதினொன்றில் வந்து ஒரு கணம் விழித்து, பதினோராவது வார்டு உறுப்பினர் அவர்களே என்று வெறும் நம்பரைச் சொல்லித் தாண்டிவிட்டாள். நைசாகத் தாண்டிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர், பேரைச் சொன்னதும் எழுந்து கும்பிடுவதற்கென்று வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தவர், பாதி எழுந்துவிட்டார். பேர் வரவில்லை என்று தெரிந்ததும் முழுசாக எழுவதா, உட்கார்ந்துவிடுவதா என்று புரியாமல் நாற்காலிக்கும் ஆகாசத்துக்கும் நடுவில் அப்படியே நின்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பன்னிரண்டாவது வார்டு லூர்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பாதி எழுந்த கோலம் தங்கபுஷ்பத்தின் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எல்லாத்துக்கும் பேரு இருக்கு. எனக்கு மட்டும் நம்பரா? நான் என்ன டவுன் பஸ்ஸா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு கட்சி ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில். இன்று காலையில் கஞ்சி மொடமொடக்கும் சட்டையை மாட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார், இன்றைக்கும் நம்பர்தான் என்றால் நாளைக்கே ராஜினாமா, மெம்பராக இருந்து கிழித்தது போதும் என்று. இருபத்தொரு பேர் உள்ள மன்றத்தில் அவள் பக்கம் பதினொரு பேர். அதில் ஒன்று போனால் சேர்மன் நாற்காலி எத்தனை நாளைக்கு என்று அவளுக்குத் தெரியும், அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும், அரசியலே அவர் சொல்லிக் கொடுத்ததுதானே. ஆனால் நாற்காலி போனால் போகட்டும், மறுபடி மெஷினை மிதிக்கலாம். அந்த மனிதர் மெஸ்ஸில் போய் ஆறின சோற்றைத் தின்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சொல்லிவிட்டுப் போனால் என்ன. எல்லோரும் கேட்கிறார்கள். கமிஷனர் அம்மா படித்தவள், தன் புருஷனைப் போனில் வாடா போடா என்கிறாள், அந்தப் பையனும் நல்லாத்தான் இருக்கிறான். ஆனால் தங்கபுஷ்பத்தின் அம்மா தாலி ஏறின அன்றைக்கே காதோடு சொல்லி அனுப்பினாள், புருஷன் பேரைச் சொன்னால் சொன்ன தடவைக்கு ஒரு நாள் அவன் ஆயுசில் குறையும் என்று. அன்று கட்டின நாக்கு. நாத்தனார்கள் சுற்றி உட்கார்ந்து, சொன்னால்தான் பாலும் பழமும் என்று மிரட்டினபோதும் அவிழவில்லை. ரேஷன் கடையில் கணவர் பேர் கேட்டால் பின்னால் நிற்பவள் சொல்லுவாள். ஓட்டர் லிஸ்டுக்கு வந்த வாத்தியாருக்குச் சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவின் அடியைக் காட்டினாள். அந்தப் பேரில் முன்பாதி மலைக்குமேல் இருக்கிற சாமிக்கு உரியது, பின்பாதி கடலில் விளைகிற பொருள். அந்தப் பின்பாதியைக்கூட அவள் சொல்லமாட்டாள், அவர் வாங்கிக்கொடுத்த கம்மலை வெள்ளைக் கல் கம்மல் என்றுதான் சொல்லுவாள், தட்டான் என்ன கல் என்று கேட்டால் வெள்ளைக் கல் என்று அதட்டுவாள். நாலு வருசத்துக்கு முன்னால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாரே, அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேஷண்ட் பேரு என்று கேட்டாள், எங்க வீட்டுக்காரவிய என்றாள் இவள். இங்க வர்ற எல்லாரும் யாருக்காவது வீட்டுக்காரங்கதான் என்றாள் நர்ஸ். கடைசியில் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து சொன்னார். ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் இட்லி கேட்டார். டாக்டர்தான் காப்பாற்றினார் என்று ஊரெல்லாம் சொன்னது, தங்கபுஷ்பமும் டாக்டருக்கு மாலை போட்டாள், ஆனால் உள்ளுக்குள் அவளுக்குத் தெரியும், அத்தனை பதற்றத்திலும் பேரைச் சொல்லாமல் வாயைக் கட்டினாளே, அதுதான். அந்த உசிரை இத்தனை வருசம் தன் நாக்குத்தான் பத்திரமாக வைத்திருக்கிறது. இப்போது போய், ஊர் பார்க்க, மைக்கில், நாலு ஸ்பீக்கரில்.

எம்.எல்.ஏ. சோழர்களைத் தொட்டிருந்தார். ஷாமியானாவுக்குள் புழுக்கம். பொன்னாடைகள் மடியில் மலையாகக் குவிந்து, ஜிகினா கழுத்தில் குத்தியது. தங்கபுஷ்பம் மூக்கைச் சொறிகிற பாவனையில் முன்வரிசையின் கடைசிப் பக்கம் பார்த்தாள். அவர் இருந்தார். சோபாவெல்லாம் தலைவர்களுக்கு, உறுப்பினர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நிமிர்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல். மீசை கன்னங்கரேலென்று இருந்தது. காலையில் அவள் பார்க்கும்போது அது நரைமீசை. ஆக, நாளைக்கு ராஜினாமா பண்ணப்போகிறவர், கோபமாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனவர், வழியில் எங்கேயோ இறங்கி மீசைக்கு டை அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எழுந்து கும்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறார். அவளுக்கு நெஞ்சு இளகிப்போயிற்று, அதே சமயம் சிரிப்பும் பொங்கியது. இந்த மனுசன் ஒரு காலத்தில் என்னமா அதிகாரம் பண்ணினார். நகரச் செயலாளராக இருந்து, சேர்மன் ஆவதற்கென்றே சட்டை தைத்து வைத்திருந்தவர், சேர்மன் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கினதும் ரெண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் மெஷினில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பி நிற்க வைத்தார். ஜெயித்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். போன் அவருக்கு, கும்பிடு அவருக்கு, சேர்மன் என்ற பட்டமும் அவருக்குத்தான். இவளுக்குக் கையெழுத்து. மன்றக் கூட்டத்துக்குள் அவருக்கு இடமில்லை என்பதால் வாசல் கதவோரம் நின்று துண்டால் சைகை காட்டுவார். துண்டு வலது தோளில் இருந்தால் தீர்மானம் நிறைவேற்றலாம், இடது தோளுக்கு மாறினால் ஒத்திவை. ஒருநாள் வியர்வையைத் துடைக்கத் துண்டை எடுத்துவிட்டு மறதியாக இடது தோளில் போட்டுக்கொண்டார். அவரே ஆறு மாசம் அலைந்து கொண்டுவந்த சாலை ஒப்பந்தத்தை அவள் ஒத்திவைத்துவிட்டாள். அன்றைக்கு அவர் வாசலில் குதித்த குதியை நினைத்தால் இப்போதும் பக்கென்று வந்தது. பக்கத்தில் இருந்த கமிஷனர் திரும்பிப் பார்த்தாள். தங்கபுஷ்பம் முகத்தைச் சோழர்களுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டாள்.

அந்தத் துண்டை மீறின நாளும் இதே பஸ் ஸ்டாண்டால்தான் வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டில் ஆண்களுக்குச் சுவர் இருந்தது, பெண்களுக்கு எதுவும் இல்லை. மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டு திருநெல்வேலி பஸ்ஸுக்கு நின்ற மத்தியானம் அவளுக்கு மறக்காது, பல்லைக் கடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி, கடைசியில் ஒரு பூக்காரி தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மன்றத்தில் அங்கே பெண்கள் கழிப்பறை கட்டும் தீர்மானம் வந்தபோது, இடம் கட்சிக்காரர் ஒருவரின் கடைக்குப் பக்கம் என்று துண்டு அவசரமாக இடது தோளுக்குப் போயிற்று. தங்கபுஷ்பம் கதவைப் பார்த்தாள். துண்டையும் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நிறைவேற்றப்பட்டது என்றாள். தன் குரல் அத்தனை பெரிதாக இருக்கும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. எட்டாம் நாள் அவராகவே ஆபீஸிலிருந்து அந்தப் பக்கத்து நாற்காலியை எடுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த தேர்தலில் தனக்கு ஒரு வார்டு போதும் என்று பதினொன்றில் நின்று, வீடு வீடாகப் போய் ஜெயித்து, உறுப்பினர் வரிசையில் வந்து உட்கார்ந்தார். முதல் கூட்டத்தில் எழுந்து, மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்றார். அது அவர்கள் வீட்டு வாசல் விளக்கு. வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று நல்லபெருமாள் கேட்டதற்கு, வீட்டில் என் மனைவிதான் இருக்கிறாள், தலைவர் இங்கேதான் இருக்கிறார் என்றாராம். என்றாராம் என்ன, அவளே கேட்டாளே, காது குளிரக் கேட்டாள். அப்படிப்பட்ட மனிதர். இவருக்கு ஒரு பேரைச் சொல்ல வக்கில்லை எனக்கு.

வரிசையில் ஏதோ ஒன்று கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. லூர்தம்மாளிடமிருந்து நல்லபெருமாளுக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு, ஜெபமணி, மைதீன் பிச்சை, கமிஷனர், கடைசியில் தங்கபுஷ்பத்தின் கைக்கு. சிவப்பு மூடி ஃபிளாஸ்க். திறந்தால் சுக்குப் போட்ட வெந்நீர். அவள் பேசப்போகும் நாளில் எல்லாம் வருவதுதான், முதல் மேடையிலிருந்தே வருவதுதான், மெஸ்ஸில் சாப்பிடும் இந்த மாதத்திலும் வருகிறது. கடைசி நாற்காலியைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஃபிளாஸ்குக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல. ஒரு மிடறு உள்ளே இறங்கியது. இந்தத் தொண்டைக்கு வெந்நீர் சுமக்கிறவர், தன் தொண்டையை எனக்காகக் கிழித்துக்கொண்டவர். முதல் தேர்தலில் மைக் கட்டின ஆட்டோவில் கூலிக்கு ஆள் வைக்காமல் தானே ஏறி உட்கார்ந்து, உங்கள் வீட்டுப் பிள்ளை தங்கபுஷ்பம், உங்கள் தங்கபுஷ்பம் என்று தெருத் தெருவாக, விடிந்தால் அடைந்தால் அதே பேர். ஒருநாள் அவள் ஓட்டுக் கேட்டுவிட்டுக் குறுக்குவழியில் வரும்போது சுடுகாட்டுப் பாதையில் அந்த ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. ஒரு குஞ்சு குளுவான் இல்லை. உங்கள் தங்கபுஷ்பம், உங்கள் தங்கபுஷ்பம். ஆட்டோவை மறித்து, இங்கே யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று கேட்டாள். தொண்டை கட்டிப்போய், காற்றாக ஒரு குரலில் சொன்னார்: "சொல்லிச் சொல்லிப் பழகிட்டு, புஷ்பம். நிறுத்த முடியல." அன்றைக்கு அதை ஒரு பேச்சாகக்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது, சுக்கின் காரம் தொண்டையில் நிற்க, திடீரென்று ஒரு கணக்கு உதித்தது. பேர் சொன்னால் ஆயுசு குறையும் என்றால் என் பேரை இந்த மனுசன் சொன்ன சொல்லுக்கு நான் முதல் தேர்தலிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே. குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேனே. ரெண்டு தடவை சேர்மனாகி, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அம்மா, உன் கணக்கு எங்கேயோ தப்பு. தங்கபுஷ்பத்துக்கு உடம்பெல்லாம் லேசானது. அப்போதுதான் எம்.எல்.ஏ. சோழர்களை அப்படியே அம்போவென்று விட்டுவிட்டு நன்றி வணக்கம் சொல்லி இறங்கினார்.

எழுந்தாள். மடியிலிருந்த பொன்னாடைகள் சரிந்தன, யாரோ பொறுக்கினார்கள். மைக்குக்கு நடக்கிற நாலு எட்டில் உள்ளங்கால் வேர்த்தது. கீழே கூட்டம் இவளைப் பார்க்கவில்லை, இவளையும் கடைசி நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தது. ஊருக்கே தெரியும், டீக்கடையில் பந்தயம்கூட உண்டு என்று கேள்வி. மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆணையர் அவர்களே, ஒன்றாவது வார்டு இசக்கித்தாய் அவர்களே. பேர்கள் மடமடவென்று வந்தன. ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்கள். பத்தாவது வார்டு நல்லபெருமாள் அவர்களே. நல்லபெருமாளும் உட்கார்ந்தாயிற்று. பதினோராவது வார்டு, என்றாள், நின்றாள். அவர் வேட்டி நுனியைப் பிடிப்பது தெரிந்தது. பிடித்த கையை உடனே எடுத்துவிட்டதும் தெரிந்தது. இந்தத் தடவை அவர் எழுவதாக இல்லை. தங்கபுஷ்பம் மூச்சை இழுத்தாள், அம்மா முகம் வந்தது, நர்ஸ் முகம் வந்தது, சுடுகாட்டுப் பாதை வந்தது, நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு, வெளியே சரவெடிக்குப் பொறுப்பாக நின்ற கட்சித் தொண்டர், தலைவி பேசி முடித்துவிட்டார் என்று நினைத்துத் திரியைக் கொளுத்திவிட்டார். சரியாக அந்த நொடியில் அவள் சொன்னாள். இருபத்தேழு வருசம் கட்டி வைத்த பேரைச் சொன்னாள். ஒரு காதிலும் விழவில்லை. ஆயிரம் வாலாவாம், லேசில் ஓயவில்லை. புகைக்கு நடுவில் அவர் இவள் வாயையே பார்த்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். சொல்லிவிட்டாளா, இல்லையா. கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்த முகம். தங்கபுஷ்பம் மறுபடி சொன்னாள். மைக் கூவென்று ஊளையிட்டு அதையும் விழுங்கியது. அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இந்தப் பேரைச் சொல்ல எனக்கு எவ்வளவு பாடு தெரியுமா உங்களுக்கெல்லாம். மைக்கைக் கையால் ஒதுக்கினாள். வெடி ஓய்ந்த ஒரு இடைவெளியில், அவர்களே என்ற வாலெல்லாம் இல்லாமல், கொல்லையில் இருக்கிற ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"சொரிமுத்து. எந்திரிங்க."

அவர் எழுந்தார். பாதியில்லை, முழுசாக எழுந்தார். கும்பிட்டார். அந்தப் பக்கம் கும்பிட்டார், இந்தப் பக்கம் கும்பிட்டார், விசில் பறந்தது, தகர ஷெட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் ஒருவர் ஹார்னை அமுக்கினார், இன்னொருவரும் அமுக்கினார். கருப்பு மீசையில் கண்ணீர் ஓடி டை கரைந்து மோவாயில் இறங்கிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை. நல்லபெருமாள் எட்டி வேட்டியைப் பிடித்து இழுத்தும் உட்காரமாட்டேன் என்கிறார். நல்லாத்தான் இருக்கிறார், ஒரு நாளும் குறையவில்லை, பார்த்தால் பத்து வயசு கூடக் குறைந்திருக்கிறது, அந்தக் குறைச்சலைத்தான் அம்மா மாற்றிச் சொல்லிவிட்டாளோ என்னவோ. தங்கபுஷ்பத்தின் வாய்க்குள் அந்தப் பேர் இன்னும் இருந்தது, பனங்கற்கண்டு மாதிரி. சொரிமுத்து. முத்துக் கம்மல். நாளைக்குத் தட்டானிடம் போய்ச் சொல்ல வேண்டும். மத்தியானம் வீட்டில் நெத்திலிக் குழம்பு வைக்க வேண்டும், மெஸ்காரனுக்குக் கும்பிடு போட வேண்டும். அம்மா, அடுத்த பேர், என்று கமிஷனர் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். ஆமாம், அடுத்த பேர். மைக்கைப் பழையபடி இழுத்து வைத்தாள். பன்னிரண்டு. பன்னிரண்டாவது வார்டு. அவர் பக்கத்து நாற்காலியில் மயில்கழுத்துக் கலரில் புதுப் பட்டு உடுத்தி, எழுந்திருக்கத் தயாராகக் காத்திருக்கிறாள். கழுத்தளவு ஞாபகம் இருந்தது, கைச்சுற்று ஞாபகம் இருந்தது, முதுகுப் பக்கம் கொக்கி வேண்டாம் என்று அடம்பிடித்தது கூட ஞாபகம் இருந்தது. பேர் இல்லை. தேடிப் பார்த்தாள், அதற்கடுத்த பேரும் இல்லை, இருபத்தொன்று வரைக்கும் ஒரு பேரும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரே ஒரு பேர்தான். பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடக்க அடக்க வந்தது.

"பன்னிரண்டாவது வார்டு உறுப்பினர் அவர்களே," என்றாள்.

லூர்தம்மாள் பாதி எழுந்து நின்றாள்.